கையிலுள்ளதும் வரவிருப்பதும்

தமிழ் அறநூல்கள் சூதைக் கடிந்துரைத்த அளவுக்குச் சூதாடுபவனின் சிந்தனையை ஆராயவில்லை. திருக்குறளின் பொருட்பாலிலே சூது என்னும் அதிகாரம் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே நிற்கின்றது. போதைக்கும் நோய்க்கும் இடையே அதற்கு இடங்கொடுத்த வள்ளுவரின் தீர்ப்பை மறுக்க வேண்டிய அவசியம் எவருக்குமில்லை. சம்பள நாளன்று கைப்பொருளைச் சீட்டிலே தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் தந்தையை அறிந்த எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் அத்தீர்ப்பின் நியாயம் விளக்காமலே விளங்கும். ஆயினும், பணத்தை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு ஆட்டத்தின் உள்ளே நோக்கின், அங்கே ஓர் அறவினா ஒளிந்திருப்பது புலனாகும். கையில் இப்போது இருப்பதை நம்பிச் செயற்படுவதா, இனி வரக்கூடியதை நம்பிச் செயற்படுவதா? வரக்கூடியது வராமற் போயின், அதை நம்பியவன் தவறு செய்தவனாவானா? ஒரு மக்கட் கூட்டம் முழுவதுமே இவ்வினாவுக்கு எழுத்தில் விடையளிக்குமாறு பணிக்கப்பட்ட இடம் இலங்கையின் மலையகம். ஆதலின் அம்மண்ணிலே நின்று இதனை ஆராய்தல் பொருத்தமுடையதாகும்.

மலையகத்துத் தோட்டங்களில் மழை விடாத ஞாயிற்றுக்கிழமைகளிலே லயத்து இஸ்தோப்பில் நால்வர் கூடியமர்ந்து 'முந்நூற்று நாலு' ஆடுவர். ஈழத்தின் பிற பகுதித் தமிழருக்கும் சிங்களவருக்கும் நன்கு பழக்கமான ஆட்டம் அது. காசு வைத்து ஆடப்படுவதைவிடப் பொழுதுபோக்காக ஆடப்படுவதே அதிகம். முப்பத்திரண்டு சீட்டுகள், எதிரெதிரே அமர்ந்தோர் கூட்டாளிகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் எதுவுமில்லை. ஓர் இனத்துக்கு 76 ஆக நான்கு இனத்துக்கும் 304. ஆட்டத்தின் பெயர் அக்கூட்டுத்தொகையே. ராஜாவையும் ராணியையும்விட ஜாக்கும் ஒன்பதும் மேலானவை என்னும் விதியை முதன்முதலாகக் கற்கும் சிறுவன் சற்றுத் திகைப்பான்; பிறகு அதுவே இயற்கையெனக் கொள்வான்.

இவ்வாட்டத்தின் உயிர்நிலை சீட்டுப் பகிரும் முறையிலே உள்ளது. எட்டுச் சீட்டுகளும் ஒரே முறையிற் கொடுக்கப்படுவதில்லை. முதலில் ஆளுக்கு நான்கு. அந்நான்கை மட்டும் பார்த்துக்கொண்டே, இத்தனை புள்ளி எடுப்போமென்று கேட்க வேண்டும். பொதுவாக 160இலிருந்து கேள்வி தொடங்கும். அதிகமாகக் கேட்டவர் ஒரு சீட்டைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். அதன் பின்னரே மற்ற நான்கு சீட்டுகள் வரும். ஆகவே, கேட்பவர் தம் கையிற் பாதியை மட்டும் கண்டவராகவே வாக்குக் கொடுக்கின்றார். ஓர் இனத்தின் ஜாக்கும் ஒன்பதும் அவரிடம் இருக்கின்றன, மற்ற இரண்டும் வேற்றினம் எனக் கொள்வோம். அவ்வினத்தின் ஆறு சீட்டுகள் அவர் காணாத 28இற்குள் எங்கோ கிடக்கின்றன. அடுத்து வரும் நான்கில் அவற்றுள் ஒன்றாவது வருவதற்கு நூற்றுக்கு 64 வாய்ப்பு உண்டு; இரண்டாவது வருவதற்கோ 19 வாய்ப்பே உண்டு. ஒன்று வருமென நம்பிக் கேட்பவர் நிதானி. இரண்டு வருமென நம்பிக் கேட்பவர் துணிச்சற்காரர். இஸ்தோப்பிலே இருப்பவர் எவரும் இவ்வாறு பெருக்கி வகுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் பல்லாண்டு ஆடிப் பழகிய முதியவர் ஒருவர் கேட்கும் அளவும் இக்கணக்குச் சொல்லும் அளவும் பெரும்பாலும் ஒத்துப்போகும். அனுபவம் என்பது எழுதப்படாத எண்கணிதம்.

நான்கு சீட்டிலே தொடங்கும் இன்னோர் ஆட்டம் அமெரிக்காவில் வளர்ந்த போக்கரின் கிளையாகிய ஒமாஹா. அது மலையகத்து ஆட்டமன்று. எனினும், கையிலிருப்பதற்கும் வரவிருப்பதற்கும் உள்ள உறவை அதனைப்போல நுணுக்கமாக வெளிப்படுத்தும் சீட்டாட்டம் வேறில்லை எனலாம். ஒவ்வொருவருக்கும் மறைவாக நான்கு சீட்டுகள். எல்லோருக்கும் பொதுவாக நடுவிலே ஐந்து; அவை முதலில் மூன்றாகவும், பின்னர் ஒன்றாகவும், இறுதியாக ஒன்றாகவும் திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பணயம் வைக்கப்படும். கையிலிருந்து சரியாக இரண்டு, பொதுவிலிருந்து சரியாக மூன்று எனச் சேர்த்தே ஐந்து சீட்டுக் கூட்டை அமைத்தல் வேண்டும். நான்கு சீட்டிலிருந்து இரண்டைத் தெரிய ஆறு வழிகள் உள்ளன. ஆகவே ஒவ்வொருவரும் ஆறு கைகளை ஒருங்கே ஏந்தியிருப்பது போலாகின்றது. இதன் விளைவு விந்தையானது. எல்லோருடைய நம்பிக்கையும் பெருகுகின்றது. எனவே எவருடைய நம்பிக்கையும் மலிகின்றது.

மற்றைப் போக்கர் வகைகளிலே இரண்டு சோடி நல்ல கை. ஒமாஹாவிலே பொதுச் சீட்டு மூன்று திறந்ததும் இரண்டு சோடியோடு மகிழ்பவன் பெரும்பாலும் ஏமாறுகின்றான். எதிரே அமர்ந்திருப்பவனிடம் இன்னும் எதுவுமே அமையாதிருக்கலாம். ஆனால் அவனுடைய நான்கு சீட்டுகள் பொதுச் சீட்டுகளைச் சூழ்ந்து நின்று, அடுத்து வரக்கூடிய இருபது சீட்டுகளுள் எது வந்தாலும் வரிசை அமைந்துவிடும் என்ற நிலையில் இருக்கக்கூடும். காணாத சீட்டு 45. இன்னும் திறக்க வேண்டியவை இரண்டு. இருபதில் ஒன்றாவது விழுவதற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 70 வாய்ப்பு. எதுவுமில்லாதவனே முன்னிற்கின்றான், உள்ளவன் பின்தங்குகின்றான். 'இருப்பது' என்பதற்கும் 'இல்லாதது' என்பதற்கும் நாம் வழக்கமாகக் கொடுக்கும் பொருள் இங்கே தடுமாறுகின்றது.

ஆயின், எல்லா நம்பிக்கையும் இத்தகையதன்று. ஐந்தும் ஒரே இனமாக அமைவதற்கு ஒரு சீட்டுக் குறையக் காத்திருப்பவனுக்கு உதவக்கூடியவை ஒன்பதே. கடைசிச் சீட்டுக்கு முன்னர் அவன் காணாதவை 44. ஐந்து தடவைக்கு ஒரு தடவையே அவன் எண்ணம் பலிக்கும். நடுவிலே நூறு ரூபாய் கிடக்க, எதிராளி மேலும் நூறு வைக்கின்றான் எனின், இவன் நூறு கொடுத்து இருநூறை வெல்லப் பார்க்கின்றான். மூன்றுக்கு ஒருமுறையாவது வெல்லும் வாய்ப்பு இருந்தாற்றான் அது நட்டமில்லாத செயல். ஐந்துக்கு ஒருமுறை வெல்பவன் சீட்டைக் கவிழ்த்து விலகுதலே முறை. அதே விலையில், இருபது சீட்டுக்காகக் காத்திருப்பவனுக்கு நூற்றுக்கு 45 வாய்ப்பு உண்டு. அவன் கொடுத்துத் தொடர்தல் முறை. நம்பிக்கை நல்லதா தீயதா என்பதன்று வினா. என்ன விலைக்கு எத்தனை நம்பிக்கை என்பதே வினா.

இவ்விரண்டினும் கொடியது மூன்றாவதொரு நிலை. எதிர்பார்த்த சீட்டு வந்துவிடுகின்றது. ஐந்தும் ஒரே இனமாக அமைந்தும் விடுகின்றன. ஆனால் எதிராளியிடம் அதே இனத்தில் இன்னும் உயர்ந்த சீட்டு இருக்கின்றது. நம்பிக்கை பொய்த்திருந்தால் அவன் சிறிதளவே இழந்து விலகியிருப்பான். நம்பிக்கை பலித்ததனாலேயே அனைத்தையும் இழக்கின்றான். ஆகையால்தான் ஒமாஹாவிலே தேர்ந்தவர்கள், நிறைவேறினாலும் இரண்டாமிடமே தரக்கூடிய எதிர்பார்ப்புக்காகப் பணம் செலவிடுவதில்லை. நிறைவேறாத ஆசையைப் பற்றி இலக்கியங்கள் பலபடப் பேசியுள்ளன. நிறைவேறியும் தோற்கும் ஆசையைப் பற்றிச் சீட்டாடுபவர்களே அதிகம் அறிவர் போலும்.

இத்தகைய கணிப்பு மேனாட்டார்க்கே உரியதென எண்ணுதல் தவறு. மகாபாரதத்து நளன் கதையைக் கற்றோர் இருதுபன்னனை மறந்திருக்கமாட்டார்கள். தேரிலே விரைந்து செல்கையில் தான்றி மரமொன்றைக் கண்டு, அதன் தொகையை எண்ணாமலே கணித்துக் கூறினான் அவ்வரசன். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்து அது சரியெனக் கண்டான். தேர் செலுத்தும் கலையை அரசனுக்குக் கொடுத்து அவனிடமிருந்து எண்ணும் கலையைப் பெற்றான். பிறகுதான் புட்கரனோடு மீண்டும் ஆடி நாட்டை மீட்டான். சூதாடுகருவியைப் பற்றிய அறிவும் மரத்தின் ஒரு பகுதியைக் கொண்டு முழுமையை மதிப்பிடும் அறிவும் ஒன்றே என்று அக்கதையை ஆக்கியோர் கருதியிருக்கின்றனர். ஐரோப்பாவிலே பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654இலே கடிதமூலம் ஆராய்ந்த சிக்கலும் சூது பற்றியதே. ஆட்டம் இடையிலே நின்றுபோனால் நடுவிலுள்ள பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்பது அச்சிக்கல். அதுவரை யார் எவ்வளவு வென்றார் என்பதைக் கொண்டு அவர்கள் பங்கிடவில்லை. இனி வரக்கூடியவற்றை எல்லாம் எண்ணி, அவ்வெண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கிட்டனர். நிகழாதவற்றுக்கும் ஒரு பெறுமதி உண்டென்பது அங்கே முதன்முறையாகக் கணக்கிலே ஏறியது.

இவ்வாறு பயின்ற ஆட்டக்காரனிடம் ஓர் ஒழுக்கம் படிகின்றது. முடிவைக் கொண்டு செயலை எடை போடாமையே அது. நூற்றுக்கு 70 வாய்ப்போடு பணயம் வைத்தவன் தோற்பின், அவன் தவறு செய்தவனல்லன். 20 வாய்ப்போடு வைத்து வென்றவன் சரி செய்தவனுமல்லன். அறிந்தவற்றைக் கொண்டு முறையாக முடிவெடுத்தானா என்பதொன்றே கேட்கத்தக்கது. இது கேட்பதற்கு எளிது. பின்பற்றுவதற்கு மிக அரிது. உலகம் வென்றவனையே அறிஞனென்னும். பேர்னாட் வில்லியம்ஸும் தோமஸ் நேகலும் 1976இலே 'அறநெறியில் ஊழின் பங்கு' என்னும் பொருள்பட எழுதிய கட்டுரைகள் இச்சிக்கலை மெய்யியலின் நடுவே கொண்டுவந்து வைத்தன. ஒருவரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டவற்றுக்காக அவரைப் பழித்தலும் புகழ்தலும் நியாயமாகாது என்று எல்லோரும் ஒப்புவர். ஆனால் எல்லோரும் அதையே செய்வர். குறளிலே 'தெரிந்து செயல்வகை'க்கும் 'ஊழ்' அதிகாரத்துக்கும் இடையே உள்ள இழுபறியும் ஏறக்குறைய இதுவே.

இனி மலையகத்துக்கு வருவோம்.

முதலிலே துரைமாரின் கை. 1860களில் கோப்பி அமைந்த கை. அசைக்க முடியாத கையெனக் கருதப்பட்ட கை. 1869இலே மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளிற் செம்மஞ்சள் நிறமான துருநோய் காணப்பட்டது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். அன்று தேயிலை வெறும் எதிர்பார்ப்பு. கோப்பி கண்ணெதிரே காசு. விளைச்சல் குறைந்தபோதும் உலகச் சந்தையில் விலை ஏறியமையால் நோயின் கொடுமை மறைந்திருந்தது. 1870களிலும் காடழித்துக் கோப்பி நட்டனர். நல்ல கையைக் கீழே வைக்க மனம் வராமை ஆட்டக்காரரின் தீராநோய். 1884இலே ஓரியண்டல் வங்கி முறிந்தது. அக்காலத்திலே பல தோட்டங்களிற் கூலி கொடுபடாமற் போயிற்று. துரையின் பணயத்தைத் தொழிலாளியின் வயிறு செலுத்திற்று. பணயம் வைப்பவன் ஒருவன், இழப்பவன் வேறொருவன் என்னும் இந்நிலை சீட்டாட்டத்தில் இல்லை. இவ்விடத்திலேயே உவமை நொண்டத் தொடங்குகின்றது.

தொழிலாளியின் கையோ அவனிடமே இருந்ததில்லை. சீட்டு என்னும் சொல்லுக்குத் தமிழிலே ஆடும் சீட்டு, எழுதிய துணுக்கு, சேமிப்புக் கூட்டு எனப் பல பொருள் உண்டு. தோட்டத்திலே கங்காணிமுறை நிலவிய காலத்தில் 'துண்டு' எனப்பட்ட சீட்டே மனிதனின் தலையெழுத்தாயிருந்தது. இன்னாருடைய கடனைத் தீர்த்தால் அவரை விடுவிப்போம் என்று அதிலே எழுதப்பட்டிருக்கும். அதனைக் கொண்டே ஆட்கள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறினர். 1921இலே அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரை அம்மக்கள் ஆடுபவர்களாக இருக்கவில்லை. ஆடப்படும் சீட்டுகளாகவே இருந்தனர்.

அவர்களைத் தாமே தெரிந்தெடுக்குமாறு வரலாறு கேட்டது பின்னர்தான். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகத் தமிழர், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் பெரும்பாலும் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30ஆம் தேதி புதுடில்லியிலே லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் ஒன்றிற் கைச்சாத்திட்டனர். 975,000 பேர் எனக் கணக்கிடப்பட்டவர்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென்றும் அது கூறியது. எஞ்சியவர்களை 1974இலே சரிபாதியாகப் பங்கிட்டனர். பகிரப்பட்டோரின் சம்மதம் கேட்கப்படவில்லை. ஆயினும் விண்ணப்பம் அவர்களே எழுத வேண்டும். 1970 ஏப்ரல் 30ஆம் தேதி வரை இந்திய விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன. இலங்கையைக் கேட்டோர் அதற்கு ஒதுக்கிய தொகையை வெகுவாகத் தாண்டினர். இந்தியாவைக் கேட்டோர் அதற்கு ஒதுக்கிய தொகையை எட்டவில்லை. இந்த எண்கள் பேசுவன. தமக்கு எது ஊர் என்பதை அம்மக்கள் அறிந்தேயிருந்தனர். அவர்களுக்காகப் போட்ட கணக்குத்தான் அதனை அறியவில்லை.

அக்குடும்பங்களின் முன்னே இருந்த கையை நோக்குக. இந்தியா ஏறத்தாழ உறுதியான கை: கேட்டால் கடவுச்சீட்டு கிடைக்கும். ஆனால் அங்கே என்ன இருக்கின்றதென்பதைத் தலைமுறை தலைமுறையாகக் காணாதவர்கள் அவர்கள். இலங்கை எதிர்பார்ப்புக் கை: கிடைத்தால் பிறந்த மண்ணிலே மனிதராக வாழலாம், கிடைக்காவிடின் நாடற்றவராகவே மடியலாம். அதனை எடைபோடுவதற்கு வேண்டிய சீட்டுகளோ மறைக்கப்பட்டிருந்தன. 1967ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டம் ஏழுக்கு நான்கு என்ற விகிதத்தைக் கொண்டது. எழுவர் இந்தியாவுக்கென அமைந்தால் நால்வருக்கு இலங்கைப் பிரசாவுரிமை. ஆகவே டிக்கோயாவில் இருந்த ஒருவரின் உரிமை, தாம் ஒருபோதும் கண்டிராத எழுவரின் பயணத்திலே தங்கியிருந்தது. முந்நூற்று நாலிலே கவிழ்த்து வைத்த துரும்பைக் கேட்டவர் மட்டுமே அறிவார்; ஆனால் அவரும் மற்றோரோடு ஒரே பாயில் அமர்ந்து, தோற்றால் தாமே தோற்பார். இங்கே துரும்பை அறிந்தோர் புதுடில்லியிலும் கொழும்பிலும் இருந்தனர். எந்தச் சீட்டு விழுந்தாலும் அவர்கள் இழப்பதற்கு எதுவுமில்லை.

இந்நிலையிலே ஒரு குடும்பம் எடுத்த முடிவு சரியா தவறா என்பதனை எவ்வாறு தீர்ப்பது? முடிவைப் பார் என்பர் உலகோர். முடிவை எந்த ஆண்டிலே நின்று பார்ப்பது? 1974இலே நின்று பார்த்தால் போனவர்களே பிழைத்தவர்கள். அவ்வாண்டிலே தோட்டங்களிற் பஞ்சம் தலைவிரித்தாடிற்று. அரிசியும் மாவும் இன்றி மக்கள் மாண்டனர். 1980களின் தொடக்கத்தில் தமிழகத்திலே நின்று பார்த்தால் இருந்தவர்களே பிழைத்தவர்கள். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களில் இடம் பெற்றோர் ஓரளவு காலூன்றினர். ஆனால் வழி தெரியாது கொடைக்கானல் மலைச்சரிவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொத்தடிமைகளாகச் சிக்கியோரும் இருந்தனர். கேட்ட பிரசாவுரிமை அவர்களுக்குக் கிடைத்திருந்தது. எதிர்பார்த்த சீட்டு விழுந்திருந்தது. நிறைவேறியும் தோற்கும் கை என்று மேலே சொல்லப்பட்டது இதுவே. 1983 ஜூலையிலே நின்று பார்த்தால் மறுபடியும் போனவர்களே விவேகிகள். 1977இலும் 1981இலும் அடிபட்டு, 1983இலும் தீயைக் கண்டவர்களை வேறென்ன சொல்லித் தேற்றுவது? தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பல் 1984இலே நின்றது. போகவேண்டியவர்களும் போக முடியாமல் நின்றனர். 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியோருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கின. அங்கே நின்று பார்த்தால், காத்திருந்தவர்கள் கேட்டது கேட்டபடியே கிடைத்தது.

சீட்டாட்டத்திலே ஐந்தாவது பொதுச் சீட்டு திறந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். யார் வென்றார் என்பதிலே ஐயமிராது. வாழ்க்கையிலே கடைசிச் சீட்டு என ஒன்றில்லை. ஒவ்வொரு பத்தாண்டும் ஒரு புதுச் சீட்டைத் திறந்து முந்தைய தீர்ப்பை மாற்றுகின்றது. ஆகவே, முடிவைக் கொண்டு தீர்ப்பளித்தல் நியாயமற்றது என்பது மட்டுமன்று, அது இயலாததுமாகும். பாஸ்கலும் ஃபெர்மாவும் எடுத்துக்கொண்ட சிக்கலைப் போலவே இது எப்போதும் இடையில் நின்ற ஆட்டம்.

அவ்வாறாயின், பயின்ற ஆட்டக்காரனின் ஒழுக்கத்தை அப்படியே ஏற்று, அறிந்தவற்றைக் கொண்டு கணித்தார்களா என்று கேட்டால் போதுமா? போதாது. அவனுடைய கணக்கு முழுவதும் ஓர் எடுகோளின்மீது நிற்கின்றது. ஆட்டம் பலமுறை ஆடப்படும் என்பதே அவ்வெடுகோள். நூற்றுக்கு 70 என்பது நூறு கைகளிலே பொருளுடையது. இன்றிரவு தோற்றவன் நாளையிரவு மீட்பான். ஆயிரம் கைகளிலே ஊழ் தேய்ந்து திறமை மிஞ்சும். கணிதவியலார் டேனியல் பேர்னூலி 1738இலேயே இதன் குறையைச் சுட்டினார். ஒரே அளவு பணம் செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே பெறுமதியுடையதன்று. கையிலுள்ள அனைத்தையும் இழக்கும் ஆபத்து, சராசரிக் கணக்கிலே அகப்படாத ஒன்று. நாட்டைத் தெரிவுசெய்யும் குடும்பம் அக்கையை ஒருமுறையே ஆடுகின்றது. நூறு பிறவி எடுத்து எழுபதிலே நலம்பெறுவோம் என்று அது ஆறுதலடைய முடியாது. மேலும், ஒமாஹாவின் தலையாய உத்தி தகாத கையைக் கவிழ்த்து விலகுவதே. நல்ல ஆட்டக்காரன் கிடைத்த கைகளிற் பெரும்பாலானவற்றை ஆடுவதேயில்லை. லயத்திலிருந்த குடும்பத்துக்கு விலகும் உரிமை இல்லை. விண்ணப்பிக்காது விட்டாலும் அதுவே ஒரு விண்ணப்பமாயிற்று. 

இங்கே ஓர் எதிர்வாதம் எழக்கூடும். விலக முடியாதவரையும், ஒருமுறையே ஆடுபவரையும், சீட்டை மறைத்து ஆடச்செய்யப்பட்டவரையும் தெரிவு செய்தவர் என்று கூறுவதே பொருந்தாது; அவர்கள் வெறும் பலியானவர்கள் என்பது அவ்வாதம். இரக்கம் மிக்க வாதமாயினும் அதனை முற்றாக ஏற்றல் அம்மக்களுக்கு இழைக்கும் மற்றோர் அநீதியாகும். அவர்கள் எண்ணினார்கள். எத்தனை பிள்ளைகள், எவருக்குப் பெயர் பதிவாகியுள்ளது, திருச்சிப் பக்கத்து ஊரிலே நிலமுள்ள பங்காளி இன்னும் கடிதம் எழுதுகின்றாரா, பெண்ணைக் கட்டிக்கொடுத்த தோட்டம் எந்தப் பக்கம் சாய்கின்றது என்றெல்லாம் இரவிரவாக எண்ணினார்கள். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மற்ற நாட்டுக்கும் எழுதி, எது விழுந்தாலும் ஒருவராவது கரையேறட்டும் என்று கருதிய குடும்பங்களும் இருந்தன. நம்பிக்கையை இரண்டாகப் பிரித்துப் பணயம் வைக்கும் இவ்வுத்தியை எந்தச் சூதாடியும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. அதன் விலை என்னவென்பது அட்டன் புகையிரத நிலையத்துக்குத் தெரியும். தலைமன்னார் நோக்கிச் சென்ற வண்டிக்கு மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர்.

எனவே, இவர்களுடைய தெரிவு தெரிவேயாகும். பழிக்குரியதோ புகழுக்குரியதோ ஆகாத தெரிவு அது. சீட்டாட்டத்தின் அறம் இங்கே ஒரு பாதிக்கு உதவுகின்றது. போனவனை ஏமாளியென்றும் இருந்தவனைக் கோழையென்றும், பின்னர் அதையே மாற்றி மாற்றியும் பேசும் வழக்கத்தை அது வெட்டிவிடுகின்றது. மற்றப் பாதிக்கு அது உதவாது. ஆட்டக்காரனின் கேள்வி எப்போதும், இந்தக் கையை எப்படி ஆடுவது என்பதே. சீட்டைப் பகிர்ந்தவர் யார், விதியை வகுத்தவர் யார், எவருடைய பணத்தை எவர் பணயம் வைத்தார் என்னும் கேள்விகளை எந்த உத்தி நூலும் கேட்பதில்லை. கேட்டால் ஆட்டம் நடவாது. தேர்ந்த ஆட்டக்காரனின் கண்ணோட்டத்தோடு மலையக வரலாற்றைப் படிப்போர் சிலர், கிடைத்த கையை அம்மக்கள் இன்னும் திறமையாக ஆடியிருக்கலாம் என்று கூறுவதுண்டு. பகிர்ந்தவரின் கையை நோக்காது ஆடியவரின் கையையே நோக்கும் பழக்கம் அது.

முந்நூற்று நாலு ஆடும் இஸ்தோப்பிலே ஒவ்வொரு கையும் முடிந்தபின் எல்லோரும் தம் சீட்டைக் காட்டிச் சிறிது நேரம் வாதிடுவர். நீ அதற்குமேல் கேட்டிருக்கக் கூடாது என்பார் ஒருவர். நாலு சீட்டிலே அதைவிட வேறென்ன கேட்பது என்பார் மற்றவர். அடுத்த சீட்டுப் பகிர்ந்ததும் அவ்வாதம் ஓய்ந்துவிடும். கூடலூரிலே அண்ணனும் பொகவந்தலாவையிலே தம்பியுமாகப் பிரிந்த குடும்பங்களிலும் அதே வாதம் நடைபெற்றது. முதலிலே கடிதத்தில், பிறகு தொலைபேசியில், இப்போது பேரப்பிள்ளைகளின் கைப்பேசியிலே முகம் பார்த்துக்கொண்டு. அங்கே அடுத்த சீட்டைப் பகிர்வார் எவருமில்லை. நீ வந்திருக்கலாம் என்கின்றார் ஒருவர். நீ இருந்திருக்கலாம் என்கின்றார் மற்றவர்.